ஓடையில் கழுவிய சோறு

பெண்டாட்டிக்கு வருகிற முதல் சந்தேகம் இன்னொரு பெண்ணைப் பற்றித்தான். காடு, துப்பாக்கி, கம்யூனிஸ்டு எல்லாம் அப்புறம்தான் தோன்றும். என் வீட்டுக்காரர் காளியண்ணன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தியபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மெர்டேகாவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம் அது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு உள்ளே தள்ளி, காட்டை ஒட்டிக் கிடந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. அவசரகாலச் சட்டம் போட்டு இத்தனை வருஷமாகியும் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் வெளியே வரவில்லை. பட்டினி போட்டால் வருவார்கள் என்று சர்க்கார் முடிவு செய்தது. நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். எந்த வீட்டிலும் அரிசி வைத்திருக்கக் கூடாது. பொதுக் கொட்டகையில் ஒரே உலையாக வடித்து, மத்தியானம் பாலுக்காக மரம் வெட்டி முடித்து வந்ததும் ஆளுக்கொரு மங்கில், பீங்கான் பூசிய தகரக் கிண்ணத்தில், போடுவார்கள். இதில் ஆபீஸ் கணக்கு எழுதும் எங்கள் கிராணிக்கு ஒரு தனி யோசனை. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தே கொடுத்துவிட்டால் சீக்கிரம் ஊசிப்போகும், யாரும் ஒளித்துவைத்துக் கடத்த முடியாது என்றார். ஆகவே தோட்டத்தில் எல்லோருக்கும் ஒரே புளி, ஒரே உப்பு, ஒரே காரம். அரிசிக்குத்தான் கட்டுப்பாடு, மிளகாய்க்கு இல்லை. அள்ளிப் போட்டார்கள்.

வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போனாலும் குற்றம். பக்கத்துத் தோட்டத்தில் வேட்டி மடிப்பில் சோற்றுப் பொட்டலம் வைத்திருந்த ஒருவனை லோரியில் ஏற்றினார்கள். அங்கேயிருந்து கப்பல், கப்பலிலிருந்து நாகப்பட்டினம். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் இங்கேயே கிடந்தார்கள். இதைக் கேட்ட பிறகு எங்கள் லயத்தில் ஒருவர் மங்கை இன்னொருவர் எட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நேற்றுவரை தாயும் பிள்ளையுமாகப் பழகியவர்கள், வாயும் வயிறும் வேறு என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டார்கள்.

இவர் தன் மங்கை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரமாட்டார். கடைசி லயத்தைத் தாண்டி, வாழைமரங்களுக்குப் பின்னால் ஓடைப் பக்கம் போவார். கொஞ்ச நேரம் கழித்துக் காலி மங்கோடு திரும்புவார். கடைசி லயத்தில் யார் இருந்தாள்? லெட்சுமி. புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கொண்டையில் பூ. எனக்கு வேறென்ன தோன்றும்?

பேச்சும் குறைந்துபோனது. முன்பெல்லாம் பால் நிறுக்கும் ஸ்டோரில் இவர் சிரித்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கேட்கும். இப்போது உதட்டோரம் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பாயை எடுத்துக்கொண்டு வாசல் திண்ணையான அஞ்சடிக்குப் போய்ப் படுத்தார். தண்ணீர் குடிக்கத் தனித் தம்ளர் வைத்துக்கொண்டார். எங்கள் மகள் பவுனு மடியில் வந்து உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாக்கு மட்டும் குறையவில்லை. எழுந்ததும் கன்னத்தில் ஒதுக்கினால் தூங்கும்போதும் அங்கேயே இருக்கும். ஒருநாள் வாய் வேகிறது என்று சொன்னார். வாய் வெந்தால் துவர்ப்புதான் மருந்து, லயத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பச்சைப்பாக்காக வாங்கி மெல்லிசாகச் சீவிக் கொடுத்தேன். அதையும் வாங்கி ஒதுக்கிக்கொண்டு எழுந்து போனார். லெட்சுமி வீட்டு ரசம் ருசியாக இருக்கிறதா என்று கேட்டும் பார்த்தேன். ஒரு முறைப்பு, அதற்குமேல் ஒன்றுமில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வேலியில் சோறு கண்டுபிடித்தார்கள். ஓடை எங்கள் தோட்டத்துக்குள் ஓடி, வாழைமரங்களைத் தாண்டி முள்வேலிக்கு அடியில் நுழைந்து காட்டுப் பக்கம் போகும். அடியில் கட்டியிருந்த கம்பி வலையில் சோற்றுப் பருக்கை சிக்கியிருப்பதை ரோந்து போன கான்ஸ்டபிள்கள் பார்த்தார்கள். மறுநாளும் இருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் இத்தனை என்றால் அந்தப் பக்கம் எத்தனை போயிருக்கும் என்று கணக்குப் போட்டார்கள். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து இன்ஸ்பெக்டர் நாராயணசாமி வந்து இறங்கினார். நம் ஆள்தான். நம் ஆள் என்றால்தான் பயம் அதிகம். நம்முடைய பொய்யெல்லாம் அவருக்கும் தெரியும்.

யாரோ ஓடை வழியாகக் காட்டுக்குச் சோறு அனுப்புகிறான் என்று தோட்டமே கிசுகிசுத்தது. ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமி ஒவ்வொருத்தர் மங்கையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத்தான் அகப்பையைத் தூக்கினார். ஓடைப் பக்கம் மங்கோடு போகிறவர் தோட்டத்தில் ஒரே ஆள்தான். சக்களத்தி என்றால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இது சண்டையில் தீருகிற விஷயமா?

அன்று மத்தியானம் அவர் பின்னாலேயே போனேன். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாழை மறைவில் நின்றேன். லெட்சுமி வீட்டுக் கதவு சாத்திக் கிடந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓடைக்கரையில் குந்தி, ஒரு பிடி சோற்றை எடுத்துத் தண்ணீரில் விட்டு அலசினார். குழம்பு சிவப்பாகப் பிரிந்து போனது. பருக்கையில் பாதி விரலிடுக்கில் நழுவி அதோடு போனது. மிச்சத்தைப் பிழிந்து, மசித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லிடுக்கில் ஒற்றை விரலால் தள்ளினார். தாடை அசையவில்லை. பச்சைக் குழந்தைக்குச் சங்கில் ஊட்டுவதுபோல் தனக்குத்தானே ஊட்டிக்கொண்டார். கழுவிய சோறும் எரிந்தது போலிருக்கிறது. கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

எனக்கு ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் எதிர்க்கரைப் புதரிலிருந்து கான்ஸ்டபிள்கள் எழுந்தார்கள். அவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நான் பார்த்ததைத்தான் அவர்களும் பார்த்தார்கள், ஆனால் அவர்கள் கண்ணுக்குப் பட்டது ஓடையோடு போன பருக்கை மட்டும்தான்.

தோட்ட ஆபீஸில் இன்ஸ்பெக்டர் மேஜைக்கு முன்னால் இவரை நிறுத்தினார்கள், நானும் பின்னாலேயே ஓடினேன். யாருக்குச் சோறு, யார் வந்து எடுக்கிறார்கள், எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சும்மாதான் கழுவினேன் என்று பல்லைக் கடித்தபடி ஒருதரம் சொன்னார். தின்கிற சோற்றை எவனாவது சும்மா ஓடையில் கழுவுவானா என்று கிராணி குறுக்கே விழுந்தார். எதற்குக் கழுவினாய் என்று இன்ஸ்பெக்டர் பொறுமையாகவே கேட்டார். இவர் கால் பெருவிரலால் தரையைக் கீறினார். சரி, லோரியை வரச்சொல்கிறேன் என்று டெலிபோன் இருந்த அறைக்குள் போனார்.

காவலுக்கு நின்ற மலாய்க்கார கான்ஸ்டபிள் இரக்கமுள்ள ஆள். இவருக்குத் தண்ணீர் கொடுக்கவா என்று நான் கேட்டதற்குத் தலையாட்டினான். தம்ளரை இவர் வாய்க்குக் கொண்டுபோனேன். பாதி சட்டையில் வழிந்தது. அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன், மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் ஒரு சுண்டுவிரல்கூட நுழையாது. வாயைத் திறந்து இன்ஸ்பெக்டரிடம் காட்டித் தொலையுங்களேன் என்று கெஞ்சினேன்.

“பெருவியாதி, கங்கா,” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. “உள்ளாற எல்லாம் வெளுத்து மரமாட்டம் ஆயிருச்சு. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட்றாத.”

“அதுக்காவ லோரியில ஏறுவீங்களா?”

“கப்பல்ல போனவன் பொண்டாட்டிய யாரும் லயத்த விட்டுத் தொரத்தல. சுங்கை பூலோவுக்குப் போனவன் குடும்பத்தத் தொரத்துவாங்க. பவுனுகூட எந்தப் புள்ளையாச்சும் வெளையாடுமா? பக்கத்துல ஒக்காருமா?”

சுங்கை பூலோவில் பெருவியாதிக்காரர்களுக்கென்று ஒரு தனி ஊரே இருந்தது. உள்ளே போனவர்களைப் பற்றி லயத்தில் யாரும் பேர் சொல்லிப் பேசமாட்டார்கள். அஞ்சடியில் பாய், தனித் தம்ளர், மகளிடம் திருப்பிய முகம் எல்லாம் எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் விளங்கியது. எங்களுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று மனுஷன் இத்தனை நாளும் விலகியே இருந்திருக்கிறார். நான் லெட்சுமியின் பூவைக் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், என்னைக் கேட்காமல், என்னை விட்டுவிட்டுக் கப்பலேற இவர் யார்? சுங்கை பூலோ என்றால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் வேலிக்கு வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வரலாம். நாகப்பட்டினத்துக்கு எந்த பஸ் போகிறது?

இன்ஸ்பெக்டர் வெளியே வந்ததும் நான் முன்னால் போய் நின்றேன். இவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். கையைத் தட்டிவிட்டேன்.

“ஐயா, இவரு வாய்க்குள்ள என்னமோ இருக்கு. பெருவியாதின்னு பயந்துகிட்டு மறைக்கிறாரு. காரம் திங்க முடியல, அதுக்குத்தான் கழுவுறாரு. டிரஸ்ஸர வந்து பாக்கச் சொல்லுங்க.”

கிராணி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். இவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்.

டிரஸ்ஸர் சிவானந்தம் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்தில் மருந்து, ஊசி எல்லாம் அவர்தான். அவர் கண்ணில் நாங்கள் எல்லோரும் நடிகர்கள். பெரட்டுக்கு வராமல் தப்பிக்க வயிற்றுவலி என்று போகிறவர்களை வேறு பேச்சுப் பேசிக்கொண்டே வலிக்கிற இடத்தில் அமுக்கிப் பிடித்துவிடுவார். அப்படிப் பிடிப்பதில் அவருக்கு ஒரு தனி ருசி. அவரைக் கூப்பிடச் சொன்ன பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இந்த ஆள் யாரை நம்பியிருக்கிறார்?

முதலில் அவரும் நடிப்பு என்றுதான் சொன்னார். மூன்று விரலை நெட்டுக்குத்தாகப் பல்லுக்கு நடுவில் வைக்கச் சொன்னார். முடியவில்லை. மரக்கட்டையை நுழைத்து நெம்பினார். இவர் முனகினார், தாடை அசையவில்லை. முகவாய், கழுத்து, வயிறு எல்லாம் தடவிப் பார்த்தார். உடம்பு விறைக்கவில்லை, ஆகவே ஆணிக் காயத்தால் வருகிற வாய்க்கட்டு இல்லை என்றார். வீக்கமோ சீழோ இல்லை, பல்லும் கெட்டுப்போகவில்லை. டார்ச்சை அடித்து, கிடைத்த சந்தில் உள்ளே பார்த்தார். டார்ச்சைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

“கன்னத்துக்குள்ளே சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு,” என்றார்.

வாயை இறுக்கிக்கொள்ள யாராலும் முடியும், உள்ளே சுண்ணாம்பு பூசிக்கொள்ளவும் முடியும் என்றார் இன்ஸ்பெக்டர். அவர் உத்தியோகம் அப்படி. டிரஸ்ஸருக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. நடிப்பைக் கண்டுபிடிப்பது தன்னுடைய தொழில், போலீஸ்காரர் அதில் மூக்கை நுழைக்க வேண்டாம் என்றார். கொட்டகையிலிருந்து அன்றைய குழம்பைக் கொண்டுவரச் செய்தார். சூட்டை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று, குழம்பையும் வெறும் தண்ணீரையும் ஒரே மாதிரி ஆறவைத்தார். வாசனை தெரியாமல் மூக்கைப் பஞ்சால் அடைத்தார், பேண்டேஜ் துணியால் கண்ணைக் கட்டினார். இரண்டு கிண்ணங்களையும் இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தி, எதை எப்போது தொட்டு வைப்பது என்பது உம்முடைய இஷ்டம், என்னிடம்கூடச் சொல்லாதீர் என்று குச்சியில் சுற்றிய பஞ்சைக் கொடுத்தார். நானும் கிராணியும் முதுகைக் காட்டி நிற்க வேண்டியதாயிற்று, கண்ஜாடை காட்டிவிடுவோமாம்.

முதுகைக் காட்டி நின்றால் என்ன, காது இருக்கிறதே. ஒன்றும் சத்தமில்லை. மறுபடி ஒன்றுமில்லை. அப்புறம் நாற்காலி கிறீச்சிட்டது, இவர் தொண்டைக்குள் ஒரு சத்தம். மறுபடி அமைதி. மறுபடி அமைதி. இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே தண்ணீரையே தொட்டுத் தொட்டு ஏமாற்றிப் பார்த்திருக்கிறார். அப்புறம் திடீரென்று கிறீச். நான் பிள்ளையார் பெயரைச் சொல்லிக்கொண்டே நின்றேன். போதும் என்று இன்ஸ்பெக்டரே சொன்னபோது திரும்பிப் பார்த்தேன். இவர் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஒருதரம்கூடத் தப்பவில்லை என்றார் இன்ஸ்பெக்டர்.

டிரஸ்ஸர் கண்கட்டை அவிழ்த்தார். “பெருவியாதி வந்த இடத்திலே நெருப்பை வைச்சாலும் தெரியாது. உமக்குத் தேவைக்கு மேலே தெரியுது. இது அது இல்லையெண்டுதான் நான் நினைக்கிறன். எதெண்டு எனக்குத் தெரியாது. பெரியாஸ்பத்திரிக்குப் போம்.”

சோற்றை வீட்டிலேயே கழுவியிருக்கலாமே என்றார் இன்ஸ்பெக்டர். நான் பார்த்துவிடுவேன் என்றுதான் என்று நான் சொன்னேன். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். லோரியைத் திருப்பி அனுப்பினார். ஆனால் இவருடைய ஐ.சி. அடையாள அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்ட பிறகு தருகிறேன் என்றார். சந்தேகத்தைத் தள்ளிவைத்தாரே தவிர, விட்டுவிடவில்லை.

கோலாசிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு கான்ஸ்டபிள் துணையோடு போனோம். அங்கே இருந்த டாக்டர் வயசானவர், மெட்ராஸில் படித்தவர். காதுமடலைக் கீறிக் கண்ணாடியில் தடவிப் பார்க்க அனுப்பினார். கன்னத்தின் உள்ளே விரலை விட்டுத் தடவிக்கொண்டே இருந்தார். என் விரலையும் பிடித்து உள்ளே வைத்துக் காட்டினார். மெத்தென்று இருக்க வேண்டிய கன்னத்துக்குள் மேலிருந்து கீழாகக் கயிறு கயிறாக ஓடியது. இந்தக் கயிறுதான் தாடையைக் கட்டி வைத்திருக்கிறது என்றார். துளிச் சதையை வெட்டி எடுத்து கோலாலம்பூருக்கு அனுப்பினார். அடுத்த முறை நாங்கள் போனபோது காதில் பெருவியாதிக் கிருமி இல்லை என்ற பதில் தயாராக இருந்தது. சதையிலும் கெட்டது ஒன்றும் இல்லை, வெறும் தழும்புபோல் இறுகிக் கிடக்கிறது என்றார்கள்.

டாக்டர் இவரிடம் என்ன மெல்லுகிறாய் என்று கேட்டார். பாக்கு. எவ்வளவு நேரம்? எப்போதும். தூங்கும்போது? அப்போதும். டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். இதற்குத் தனக்கு உறுதியான பெயர் தெரியாது என்றும், பம்பாய்ப் பக்கம் இதே மாதிரி வாய்களை யாரோ பார்த்து எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றும் சொன்னார். பாக்குதான் காரணம் என்று சத்தியம் பண்ணமாட்டேன், ஆனால் இன்றையிலிருந்து ஒரு சீவல்கூட வாயில் படக்கூடாது என்றார். வாய் வேகிறது என்றுதான் இன்னும் அதிகமாகப் போட்டோம் என்று சொன்னேன். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியிருக்கிறீர்கள் என்றார் அவர்.

வாரம் ஒரு ஊசி, கன்னத்தின் உள்பக்கமே. அதோடு மெல்லிய மரச்சில்லுகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவில் தினமும் வைத்திருக்க வேண்டும், தாங்கத் தாங்க ஒவ்வொரு சில்லாகக் கூட்ட வேண்டும். பழையபடி திறக்காது, இதற்குமேல் மூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். உள்ளே ஆறாத புண் எப்போது வந்தாலும் ஓடி வரவேண்டும் என்றும் சொன்னார். காரம் கூடாது, தோட்டத்தில் கஞ்சி கொடுக்கச் சொல்கிறேன் என்றார். இன்ஸ்பெக்டர் ஐ.சி.யைத் திருப்பிக் கொடுத்தார். நான் கும்பிட்டேன். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை.

லோரி போய்விட்டது. ஆனால் நான் ஆபீஸில் எல்லோர் காதிலும் விழச் சொன்ன வார்த்தை போகவில்லை. கிராணி வீட்டில் சொல்லி, அங்கேயிருந்து கொட்டகைக்கு வந்து, கொட்டகையிலிருந்து லயம் முழுக்கப் பரவிவிட்டது. காதைக் கீறினார்களாம், அது எதற்குக் கீறுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாதா என்றார்கள். டாக்டர் இல்லை என்கிறாரே என்றால், காசு கொடுத்திருப்பான் என்றார்கள். பவுனுவைப் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்காரவைத்தார்கள். இவர் பயந்த மாதிரியே நடந்துவிட்டது. வீட்டில் இவர் என்னோடு பேசவில்லை. மரச்சில்லை வாயில் வைத்துக்கொண்டு அஞ்சடியில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பேசாமை நோயினால் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் கொட்டகையில் எல்லோரும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு ஆள் இடம் விட்டிருந்தார்கள். எங்கள் முறை வந்தது. மண்டோர் ரெங்கசாமி இவர் நீட்டிய மங்கைத் தொடவில்லை. ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துத் தரையில் வைத்து, நின்ற இடத்திலிருந்தே கஞ்சியை ஊற்றினார். இனிமேல் உனக்கு இதுதான், முடிந்ததும் தூரப் போட்டுவிடு என்றார்.

சிரட்டையில் ஊற்றிக் குடிக்கவைப்பது என்றால் என்ன என்று ஊரிலிருந்து வந்த எங்கள் சனத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த அவமானத்தை விட்டு ஓடித்தான் எங்கள் அப்பன்மார் கப்பலேறி இங்கே வந்தார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

இவர் குனிந்து சிரட்டையை எடுத்தார். அங்கேயே குந்தி, பல்லிடுக்கில் உறிஞ்சிப் பாதிக் கஞ்சியைக் குடித்தார். என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சிரட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அத்தனை நாளுக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என்னைத் தொட்டார்.

“வேணாம், கங்கா. டாக்டரே தப்பாச் சொல்லியிருந்தா?”

அவருக்கும் நம்பிக்கை இல்லை. தோட்டம் முழுக்க நம்பவில்லை, இவரும் நம்பவில்லை. டாக்டர் சொன்னது சரிதானா என்று எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

“சொல்லியிருக்கட்டும்,” என்றேன். “போறதுன்னா ரெண்டு பேருமாப் போவோம்.”

அவர் பிடியை விடவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. மிச்சக் கஞ்சியை மடக் மடக்கென்று குடித்து முடித்தேன். அப்புறம் எழுந்து, சிரட்டையை மண்டோர் காலடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாளைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மங்கில் ஊற்றினால் போதும் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.